இறங்கித் தள்ளுகிற ஊரில் எட்டுப் போட்ட கதை

ஓட்டமாவடியில் பஸ் நின்றுபோனது. இரண்டு முறை செருமிவிட்டுப் புகையைக் கக்கி, இனி ஓர் அடி நகரமாட்டேன் என்று கடைத்தெரு நடுவில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எதிர்க்கடையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தார். நம் ஊர் டிரைவராக இருந்தால் பேனட்டைத் திறந்து உள்ளே ஒரு முறையாவது முறைத்துப் பார்த்திருப்பார். இவர் இரண்டாவது தேத்தண்ணிக்குச் சொன்னார். நான் பெட்டியோடு ரோட்டில் நின்றேன்.

திருநெல்வேலியில் பெண்களுக்கு இருசக்கர வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். பாளையங்கோட்டையில் படித்தபோது என்னிடம் வண்டி பழகிய ரஞ்சினி, சண்டை முடிந்த மறு வருடம் தன் ஊரான மட்டக்களப்புக்குத் திரும்பி, ஒரு உதவி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் மருத்துவமாதுகள் நான்கு பேருக்கு யாரோ வெளிநாட்டுக்காரர்கள் மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். நான்கு பேருக்கும் ஓட்டத் தெரியாது. "ஒரு கிழமை வந்து பழக்கி விடுங்கக்கா" என்றாள். கிழமை என்றால் அங்கே வாரம். கடல் தாண்டிப் போய் கிளட்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

போன் பண்ணியதும் ரஞ்சினி தன் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டாள். பெட்டியை டாங்க் மேல் வைத்துக் கட்டிக்கொண்டாள், என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். ஏறாவூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தார்ப் பீப்பாய்கள், வண்டி வளைந்து வளைந்துதான் போகமுடியும் என்கிற மாதிரி இடமும் வலமுமாக நின்றன. ரஞ்சினி எஞ்சினை நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டினாள். இறங்கினாள். பெட்ரோல் தீர்ந்துவிட்டது போல என்று நான் பின்சீட்டிலேயே மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"இறங்குங்கக்கா. செக்பொயின்ட்."

இறங்கினேன். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பீப்பாய்களுக்கு நடுவே நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். பனியன் போட்ட ஒரு சிப்பாய் பையன் மூட்டை அடுக்கிய காவலரணுக்குப் பக்கத்தில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"அவன் நம்மளப் பாக்கவே இல்லையேடி" என்றேன்.

"அவன் பாத்தா என்ன பாக்காட்டி என்ன. எஞ்சின் நிக்கணும், முகம் தெரியணும், நடந்து போகணும். முந்தி இருந்ததில இப்ப பாதிகூட இல்ல."

கடைசிப் பீப்பாயைத் தாண்டியதும் ஹெல்மெட்டை மறுபடி மாட்டினாள். அடுத்த சந்தியில் போலீஸ் நிற்குமாம், ஹெல்மெட் இல்லாவிட்டால் பிடிக்குமாம். ராணுவத்துக்குக் கழற்ற வேண்டும், போலீசுக்கு மாட்ட வேண்டும். நல்ல ஊர்தான் போ என்று சிரித்தேன். ரஞ்சினி சிரிக்கவில்லை. அதற்குள் அவள் கிக்கரை உதைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பாணும் பருப்பும். நம் ஊர் ரொட்டி மாதிரி பஞ்சாக இல்லாமல் இந்தப் பாண் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். பருப்பில் தேங்காய்ப்பாலைத் தாராளமாக ஊற்றியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு கல்லடிப் பாலத்தைத் தாண்டி கடற்கரைக்குப் போனோம். பழகுவதற்கு அங்கே நல்ல சிமெண்ட் தளங்கள் இருப்பதாக ரஞ்சினி சொல்லியிருந்தாள்.

தளங்கள் இருந்தன. ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, மணல் மூடியும் மூடாமலும் வரிசையாக. சிலவற்றில் சிவப்புப் பாலிஷ், ஒன்றில் பூப்போட்ட டைல்ஸ். சுவர் மட்டும் எதற்கும் கிடையாது. யார் இப்படிக் கட்டி பாதியில் விட்டார்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பாதியில விடல்லக்கா, கடல் கொண்டுபோனது" என்றாள் ரஞ்சினி. சுனாமி என்று நான் டிவியில் பார்த்தது இந்தத் தரைகளைத்தான். வேறு இடம் தேடலாமா என்று கேட்டேன். வேறு சமதளம் பக்கத்தில் இல்லை என்றாள். வெயில் ஏறுமுன் தொடங்கிவிட்டோம்.

நான்கு பேரில் மூன்று பேர் இளவயதுக்காரிகள். விழுந்தார்கள், சிரித்தார்கள், மறுபடி ஏறினார்கள். நாலாவது தவமலர். என் வயது இருக்கும், நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். வாவி என்கிற உப்பங்கழிக்கு மேற்கே, படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே உள்ள ஊர்கள் அவள் பொறுப்பில். சைக்கிளில்தான் போய்வருவாள். வெள்ளைச் சேலைக்குள் நீளக் காற்சட்டை போட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, முந்தானை செயினில் சிக்காமல் இரண்டு ஊக்குக் குத்திக்கொண்டு வந்திருந்தாள். எஞ்சின் அலறாமல் கிளட்சை விட முதல் நாளே பழகிக்கொண்டது அவள் ஒருத்திதான்.

ஒரே ஒரு தொல்லை. தளத்தில் ஒரு மூலைக்கு வந்தால் மட்டும் வட்டத்தைச் சுருக்கி ஒதுங்கிப் போவாள். "அங்கேயும் இடம் கிடக்கே, அகலமா திரும்புங்க" என்று கத்தினேன்.

"அது சாமியறை டீச்சர்" என்றாள் சாதாரணமாக.

பார்த்தேன். நாலடிக்கு நாலடி, கொஞ்சம் உயர்த்திக் கட்டிய இடம். "உங்க வீடா?" என்று கேட்டேன். "இல்ல, ஆர்ட வீடெண்டு தெரியா" என்றாள். அதற்குப் பிறகு நானே அந்த மூலையில் ஒரு தேங்காய் மட்டையை வைத்து, அதற்கு உள்ளே வட்டம் போடச் சொன்னேன். மற்றவர்களும் அப்படியே போட்டார்கள்.

மூன்றாம் நாள் ரோட்டில் பழக தவமலரின் ஊர்ப்பக்கமே போவதென்று முடிவானது. ரஞ்சினியைப் பின்னால் வைத்து அவள் வண்டியை நான் ஓட்டினேன், தவமலர் தன் வண்டியில் வந்தாள். காத்தான்குடியில் ஒரு கடையில் சட்டித் தயிர் சாப்பிட்டோம். கரண்டியைக் குத்தி வைத்தால் நிற்கிற தயிர், மேலே பாணி என்கிற பாகு. நம் ஊரில் தயிர் என்று விற்பதையெல்லாம் இனி மோர் என்றுதான் சொல்லவேண்டும். பாட்டிலில் பெட்ரோல் விற்கிற பெட்டிக்கடையில் ஆளுக்கு ஒரு பாட்டில் ஊற்றினோம். கடைக்காரர் தவமலரைப் பார்த்து, "மிஸ் மோட்டச் சைக்கிளோ. இனி எங்கட பிள்ளையள் எல்லாம் பயந்து நாளுக்கு முந்தியே பிறக்கும்" என்றார். அவள் "வாய் மட்டும் குறைவில்ல நானா" என்று மூடியைத் திருகினாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மண்முனைத்துறையில் வாவியைக் கடக்கப் பாலம் கிடையாது. பாதை என்று சொல்கிறார்கள், ரோடு அல்ல, அகலமான ஒரு மிதவை. இரண்டு வேன், நாலைந்து மோட்டார் சைக்கிள், ஒரு மாடு, மனிதர்கள் எல்லாரும் அதில் ஏறி மெதுவாக அக்கரைக்குப் போவார்கள். ஏறுகிற பலகையில் என் பின்சக்கரம் வழுக்கி, ஒரு கால் தண்ணீருக்குள் போய்விட்டது. வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்க வந்தவள் நனைந்த செருப்போடு நின்றேன். மாடு மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பாதை நகரும்போது தவமலர் டாங்க் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். லைசென்ஸ் பரீட்சை அந்தக் கிழமைக் கடைசியில். அதில் தவறினால் அடுத்த முறைக்கு மூன்று மாதம் ஆகும். அதுவரை வண்டியைச் சும்மா வைக்கமாட்டோம், டவுன் கிளினிக்குக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். "விட்டா சைக்கிள்தானே, இத்தனை வருசம் ஓட்டினதுதானே?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"போன மாரியில ஒரு வட்டைக்குள்ள இருக்கிற வீட்டில இருந்து ஆள் வந்தது. வட்டையெண்டா வயல்வெளி, அதுக்கு நடுவால போகணும் டீச்சர். வெள்ளம். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தன். நான் போகக்குள்ள பிள்ள பிறந்து, கொடி கழுத்தில சுத்தி, எல்லாம் முடிஞ்சிருந்தது. அந்தத் தாய் என்னைப் பாத்து வாங்க மிஸ் எண்டு பாய் எடுத்துப் போட்டாள்." டாங்கில் படிந்த புழுதியைக் கையால் துடைத்தாள். "ஏசியிருந்தாக்கூடப் பரவாயில்ல."

பேச்சை மாற்றுவதற்காக, வீட்டில் யார் யார் என்றேன். மாற்றுவதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம் அப்படி.

"அவர் இல்ல. மோட்டச் சைக்கிள்ல போகக்குள்ளதான். நான் பின்னால இருந்தன். மழை, பொழுதுபட்ட நேரம். ஹெல்மெட் கண்ணாடியில தண்ணி. பரல் கிடந்தது அவருக்குத் தெரியல்ல. எனக்குத் தெரிஞ்சிது, நான் குதிச்சிட்டன். அவர் நிப்பாட்டல்ல. வெடி வச்சிட்டாங்க."

யார் என்று கேட்க வாயெடுத்தேன்.

"ஆர் வச்ச செக்பொயின்ட் எண்டு கேக்காதீங்க டீச்சர். அந்த நேரம் எல்லாரும்தான் வச்சிருந்தாங்க."

பரல் என்றால் பீப்பாய், வெடி வைப்பது என்றால் சுடுவது. பாதை அக்கரையில் முட்டியது. அவள் கிக்கரை உதைத்து, பலகையில் நேராக ஏறி, வழுக்காமல் இறங்கிவிட்டாள்.  அன்று முழுக்க அவளோடு வயல் வரம்புகளிலும் கிரவல் ரோடுகளிலும் சுற்றினேன். மணலில் பிரேக்கைத் தொடாதே, தண்ணீர் தேங்கிய இடத்தில் முதல் கியர், நடுவில் ஆக்சிலேட்டரை விடாதே, புகைக்குழாயில் தண்ணீர் ஏறினால் தொலைந்தாய். உப்புக்காற்று படுகிற ஊர், செயினை வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடு. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். கச்சான் என்கிற மேல்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. திரும்பும்போது அவளை முன்னால் விட்டுப் பின்னால் வந்தோம். குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் எட்டு. நம் ஊரிலும் லைசென்ஸ் வாங்க எட்டுத்தான், இங்கேயும் எட்டுத்தான். கடல் பிரித்ததைக் கூட எட்டு சேர்த்து வைத்திருக்கிறது. கால் ஊன்றக்கூடாது, கோட்டை மிதிக்கக்கூடாது, எட்டு முடிந்ததும் இரண்டு கம்புகளுக்கு நடுவே நேராகப் போய் வெள்ளைக் கோட்டில் நிறுத்தவேண்டும். தேங்காய் மட்டையும் செங்கல் துண்டும் வைத்து அந்தத் தரையில் பழக்கினேன். தவமலர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

பரீட்சை நாள். மைதானத்தில் முப்பது பேருக்கு மேல் வண்டியோடு நின்றார்கள். பெரும்பாலும் ஆண்கள். பத்து வருடமாக லைசென்ஸ் இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, சண்டை முடிந்தபின் போலீஸ் பிடிக்கிறதே என்று வந்தவர்கள். பரிசோதகர் ஒல்லியான மனிதர், குடை பிடித்துக்கொண்டு நின்றார். முதல் இலக்கம் தவமலருக்கு வந்திருந்தது. முதலில் போய்விட்டால் பயம் விட்டுப்போகும், நல்லதுதான் என்று அவள் முதுகில் தட்டினேன்.

மைதானத்தைப் பார்த்தேன். எட்டுக்குச் சுண்ணாம்பில் கோடு. அதற்கு அப்பால் நேர்வழியில் கம்புகள் இல்லை. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தார்ப் பீப்பாய்கள் இரண்டு. ஏன் என்று உதவியாளரிடம் விசாரித்தேன். "கம்பெல்லாம் மாமாங்கத் திருவிழாவுக்கு அமிர்தகழிக்குக் கொண்டுபோயிட்டாங்க. ஒரு செக்பொயின்டை எடுத்திட்டாங்க, அங்க சும்மா கிடந்த பரலை உருட்டிக்கொண்டு வந்தம்" என்றார். அவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நேரம் தோன்றவில்லை.

தவமலர் கிளம்பினாள். எட்டு அச்சு எடுத்தது மாதிரி விழுந்தது. முன்சக்கரம் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. "சபாஷ்" என்று நான் ரஞ்சினியின் கையைப் பிடித்தேன். நேர்வழிக்குத் திரும்பினாள். பீப்பாய்களுக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் சத்தம் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டினாள். இறங்கினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பீப்பாய்களுக்கும் நடுவே நடந்தாள். தாண்டியதும் ஹெல்மெட்டை மாட்டி, ஏறி, கிக்கரை உதைத்து, வெள்ளைக் கோட்டில் கச்சிதமாக நிறுத்திவிட்டு, எப்படி என்கிற மாதிரி எங்களைப் பார்த்தாள். தான் இறங்கித் தள்ளியது அவளுக்கே தெரியவில்லை.

 ரஞ்சினி "ஐயோ தவமக்கா" என்று வாய்க்குள் சொன்னாள். சுற்றி நின்ற முப்பது பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"இறங்கிட்டீங்க தங்கச்சி. இனி மூணு மாசத்துக்குப் பிறகுதான்" என்றார் பரிசோதகர், குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு. அப்போதுதான் தவமலர் திரும்பிப் பீப்பாயைப் பார்த்தாள்.  வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே, அது தன்னுடையது இல்லை என்கிற மாதிரி கையை எடுத்துவிட்டு நின்றாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பரிசோதகரிடம் சண்டைக்குப் போகலாம் என்று அடியெடுத்து வைத்தேன், ரஞ்சினி என் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

இரண்டாவது ஆள் ஒரு தடித்த மனிதர், மீன் ஏலம் கூறுகிறவராம். எட்டைப் போட்டார். பீப்பாய் வந்தது. எஞ்சினை நிறுத்தினார், இறங்கினார், தள்ளினார். மூன்றாவது ஆளும் இறங்கித் தள்ளினார்.

பரிசோதகர் குடையை மடக்கினார். "என்ன விளையாட்டு இது? ஏன் இறங்கினீங்க?"

"பரல் கிடக்கே சேர்" என்றார் ஏலக்காரர்.

"நீங்க?"

"முன்னுக்குப் போனவங்க இறங்கினாங்க சேர்" என்றார் மூன்றாவது ஆள்.

"சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம். இது பரீட்சை. இஞ்ச ஆரு உங்களைச் சுடப்போற?" என்றார் பரிசோதகர். அவருக்கு நல்ல கோபம். மரத்தடியில் நின்ற தன் சொந்த மோட்டார் சைக்கிளை எடுத்தார். "இப்பிடிப் போகணும். எல்லாரும் பாருங்க" என்று எட்டைப் போட்டார். அழகான எட்டு, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நேர்வழிக்குத் திரும்பினார். பீப்பாயை நெருங்கும்போது வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவருடைய இடது கால் மிதியை விட்டு இறங்கி, செருப்பு தரையில் உரசி, ஊன்றி நின்றது. வலது கை ஹெல்மெட் பட்டிக்குப் போய்விட்டது.

அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.  தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி உதவியாளரைக் கூப்பிட்டார்.

"பரலை உருட்டு. தூரத்துக்கு, கண்ணில படாம. ரெண்டு கொப்பு முறிச்சு நடு."

பூவரசங்கொப்பு இரண்டு நட்டார்கள். "தங்கச்சி, திரும்ப வாங்க. முதல் வந்த மூணு பேரும் திரும்ப" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல்.

தவமலர் மறுபடி கிளம்பினாள். எட்டில் ஓர் இடத்தில் வண்டி லேசாக ஆடியது. நேர்வழியில் கொப்புகள் வந்தன. அவள் இடது கால் மிதியை விட்டுக் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்தேன். தரைக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. மைதானமே அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கால் மேலே போனது. கொப்புகளுக்கு நடுவே எஞ்சின் ஓட, ஹெல்மெட் தலையில் இருக்க, உட்கார்ந்தபடியே போனாள். கோட்டில் நிறுத்தினாள். பரிசோதகர் தலையாட்டினார். வண்டியிலிருந்து இறங்காமலே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

மற்ற மூன்று மருத்துவமாதுகளும் தேறினார்கள். எல்லாரும் காத்தான்குடிக்குப் போய்ப் புரியாணி சாப்பிடுவது, பிறகு தவமலர் தன் வண்டியில் என்னை பஸ்ஸுக்கு ஏற்றிவிடுவது என்று பேச்சு. தற்காலிக அனுமதியை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வரும்போது போன் அடித்தது. கேட்டாள். "எப்ப தொடக்கம்? தண்ணிக்குடம் உடைஞ்சிட்டா?" என்று மட்டும் கேட்டாள். பையைத் தோளில் குறுக்காக மாட்டினாள்.

"டீச்சர், வட்டைக்குள்ள ஒரு கேஸ். நீங்க ரஞ்சினியோட போங்க. குறை நினைக்காதீங்க."

குறை நினைக்க எங்கே நேரம் கொடுத்தாள்? அடுத்த நொடி காத்தான்குடிப் பக்கம் புழுதிதான் தெரிந்தது. மூன்றாவது கியரை அவள் கொஞ்சம் சீக்கிரமாகவே போட்டாள்.

பஸ் இந்த முறை எங்கும் நிற்காமல் போனது. பக்கத்து சீட்டுக்காரர் இருட்டும் நேரத்தில் ஒரு பொட்டலம் வறுத்த கச்சானை நீட்டினார், நாம் வேர்க்கடலை என்கிறோமே, அது. இரண்டு எடுத்திருப்பேன், போன் அடித்தது. அந்தப் பக்கம் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம், அதற்கு மேலே ஒரு குழந்தை வீரிட்டு அழுகிற சத்தம்.

"கேக்குதா டீச்சர்? பாதைக்காரர் எனக்காகப் பாதையை எடுக்காம வச்சிட்டு நிண்டவர்" என்றாள் தவமலர். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "பொம்பிளப் பிள்ள. நான் போய், கை கழுவின பிறகுதான் பிறந்தது."